ஹெரால்டின் பானெட்டுக்குள் எதை இறக்குவது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று என்ஜின் இல்லாமல் நிற்கிறது. அது என் பெரியப்பா மகனின் வண்டி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் கவிழும் அமைப்பு என்பதால், திறந்து வைத்துவிட்டால் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும். கடந்த ஆறு மாதங்களில் அங்கே நடந்த வேலையைவிடப் பேச்சே அதிகம். அண்ணனுக்கு மஸ்தாவின் ரோட்டரி என்ஜின் மீது ஆசை. பாலக்காட்டிலிருந்து வரும் அவருடைய நண்பர் எட்டு சிலிண்டர் கொண்ட அமெரிக்க வி8 என்ஜினைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. ஆர்.எக்ஸ். 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக்கை ஓட்டி வளர்ந்த நான், மனசாட்சிக்கு விரோதமாக, டூ ஸ்ட்ரோக் பக்கம் நின்றேன். மெக்கானிக் மட்டும், இந்த வண்டியின் சொந்த இரத்தத்திலேயே பெரிய என்ஜின் இருக்கும்போது அயலாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய டிரையம்ஃப் நிறுவனம் 1962இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் என்ற இரட்டை இருக்கைக் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கிச் செய்யப்பட்டதுதான். அதே ஆண்டில் ஹெரால்டின் உடலுக்குள் ஆறு சிலிண்டர் என்ஜினை வைத்து விட்டெஸ் வந்தது. 1966இல் ஸ்பிட்ஃபயருக்குள் 2 லிட்டர் ஆறு சிலிண்டரைப் பொருத்தி ஜி.டி.6 வந்தது. ஆகவே இந்தச் சட்டத்தில் கூடுதல் எடையையும் திறனையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத் தொழிற்சாலையே நமக்காகச் சோதித்து வைத்திருக்கிறது. பின் சக்கரங்கள், டிஃபரன்ஷியலை ஒட்டி மட்டுமே மடங்கும் ஸ்விங் ஆக்சிலில் தொங்குவதால், வளைவில் வேகமாக நுழைந்து திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் உட்புறமாக மடங்கி வண்டியின் பின்பகுதி வழுக்கிவிடும். முதல் ஜி.டி.6 இதற்காகவே விமர்சனத்துக்கு உள்ளானது. இரண்டாம் பதிப்பில் பின் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியதாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற என்ஜின்களைப் பார்க்க வேண்டும்.

ரோட்டரியின் கவர்ச்சி உண்மையானது. பிஸ்டன் மேலும் கீழும் ஓடி ஒவ்வொரு முறையும் நின்று திரும்புவதற்குப் பதிலாக, முக்கோண ரோட்டர் ஒன்று நடுவில் இடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுழல்கிறது. ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது வெளித்தண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறது. வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, அதிர்வு மிகக் குறைவு. ஃபெலிக்ஸ் வாங்கலின் இந்தக் கருத்தை ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1957இல் ஓடும் என்ஜினாக்கி, 1964இல் ஸ்பைடர் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மஸ்தா 1967இல் வெளியிட்ட காஸ்மோ ஸ்போர்ட்டின் என்ஜின், 982 சி.சி. கொள்ளளவில் 110 குதிரைத் திறன் தந்தது. நான்கு ரோட்டர்கள் கொண்ட மஸ்தாவின் 787பி பந்தயக் கார், 1991இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. பழைய காரை மாற்றியமைப்பவருக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமானது, இந்த என்ஜினின் குட்டையான, தாழ்வான உருவம். அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார வைக்கலாம். ஹெரால்டின் மூக்கு கனக்காது. இந்த ஒரு விஷயத்தில் வேறெந்தப் போட்டியாளரும் ரோட்டரிக்கு அருகில் வர முடியாது.

ஆனால் வெப்பம் அதன் சாபம். பிஸ்டன் என்ஜினில் உறிஞ்சுதலும் எரிதலும் ஒரே சிலிண்டரில் மாறி மாறி நடப்பதால், உள்ளே வரும் குளிர்ந்த கலவை அந்தச் சுவரைக் கொஞ்சம் ஆற்றிவிடும். ரோட்டரியில் உறிஞ்சுதல் எப்போதும் கூட்டின் ஒரு பக்கம். எரிதல் எப்போதும் மறுபக்கம். ஒரு பக்கம் வெந்துகொண்டே இருக்கும். எரி அறை நீண்டு மெலிந்து ஓடிக்கொண்டே இருப்பதால் வெப்பத்தில் பெரும்பங்கு சுவருக்குப் போகிறது; பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் கூட்டின் சுவரை உரசியபடியே ஓடுவதால், அவற்றுக்கென்று எண்ணெயையும் சிறிது சிறிதாகச் செலுத்தி எரிக்க வேண்டும். அந்தச் சீல்கள் சுவரில் விட்ட அலைக்கீறல்களை மஸ்தாவின் பொறியாளர்கள் பிசாசின் நகக்கீறல் என்றே அழைத்தார்கள்; கெனிச்சி யமமோட்டோவின் குழு அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலைக் கண்டுபிடித்த பிறகுதான் காஸ்மோ விற்பனைக்கு வர முடிந்தது. இங்கே எங்களுக்குள்ள சிக்கல் வேறு. பிஸ்டன் என்ஜின் தேய்ந்தால் கோவையில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் இறக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். குரோம் பூசிய ரோட்டரிக் கூடு தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்க வழியில்லை. கூட்டையே மாற்ற வேண்டும். ஏப்ரல் மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயிலில், வாளையாறு எல்லை வாகன வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு ரோட்டரியை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

டூ ஸ்ட்ரோக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். என் கட்சி முதல் நாளே தோற்றது. ஸ்வீடனின் சாப் 96, 841 சி.சி. மூன்று சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்ஜினோடு 1962, 1963 ஆகிய இரு ஆண்டுகளிலும் மான்டி கார்லோ ராலியை வென்றது என்பதைச் சொல்லி வாதாடினேன். அதற்கு மெக்கானிக், நெல்லியாம்பதி இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். பெட்ரோலோடு கலந்தே எண்ணெய் போவதால், பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்க, பிஸ்டன் ஜாம் ஆகும். இதற்காகவே சாப் காரில் இறக்கத்தில் என்ஜினைத் துண்டித்துவிடும் ஃப்ரீவீல் இருந்தது. அதாவது இறக்கம் முழுவதும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும்.

இந்த இரண்டு துணிச்சலான என்ஜின்களும் ஒரே இடத்தில் போய் முடிந்ததைக் கவனிக்கும்போது சிரிப்பு வருகிறது. சாப் 1967இல் டூ ஸ்ட்ரோக்கை விட்டு ஃபோர்டின் வி4 என்ஜினுக்கு மாறியது. என்.எஸ்.யு. அதே 1967இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற ஆர்ஓ 80இல், சீல்கள் தேய்ந்து ரோட்டரி என்ஜின்கள் விழத் தொடங்கியபோது, உரிமையாளர்களில் பலர் தேடிப்போய்ப் பொருத்தியதும் ஃபோர்டின் வி4 என்ஜினைத்தான். நடுங்காமல் ஓடுவதற்குச் சமநிலைத் தண்டு ஒன்று தேவைப்பட்ட, சத்தம் மிகுந்த, எந்த அழகும் இல்லாத என்ஜின் அது. நீளம் குறைவாக இருந்ததால் அந்த இடத்தில் அடங்கியது. அவ்வளவுதான் அதன் தகுதி.

வி8 கட்சிக்கு வரலாறு துணை நிற்கிறது. 1962இல் ஏசி ஏஸ் என்ற மெலிந்த ஆங்கிலக் காரில் கேரல் ஷெல்பி ஃபோர்டு வி8ஐ வைத்ததில் கோப்ரா பிறந்தது. 1964இல் சன்பீம் ஆல்பைனுக்குள் அதே வழியில் வி8ஐத் திணித்து டைகர் வந்தது. இடம் அவ்வளவு நெருக்கடி என்பதால், பின்கோடி ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றத் தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்திருந்தார்கள். பாலக்காட்டு நண்பர் கேட்பது 1997இல் கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்.எஸ்.1. அலுமினியம் பிளாக், கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் தலைகள் சிறியவை, உயரம் குறைவு. பழைய பாணி என்று இகழப்பட்ட அமைப்பே பழைய கார்களுக்குள் அதை எளிதாக நுழைய வைக்கிறது, மஸ்தா ஆர்.எக்ஸ். 7 உரிமையாளர்கள்கூட ரோட்டரியை இறக்கிவிட்டு அதை ஏற்றுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் ஹெரால்டின் 948 சி.சி. என்ஜின் தந்தது 34.5 குதிரைத் திறன், கார்வெட்டில் எல்.எஸ்.1 தந்தது 345. புள்ளி இடம் மாறினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில், பிரேக் அனைத்தும் மாற வேண்டும். ஷெல்பியே 1965இல் பெரிய என்ஜினுக்காகச் சட்டத்தின் குழாய்களைத் தடிமனாக்கினார். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு மிஞ்சுவது ஹெரால்டின் பானெட் மட்டும்.

ஆம்னி வேனின் 796 சி.சி. என்ஜினை வைக்கலாம் என்ற யோசனையும் இடையில் வந்தது. அது நெடுக்குவாட்டில் உட்காரும், பின் சக்கரங்களை ஓட்டும், உதிரிப் பாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கோவையின் கரிவர்தன் ஃபார்முலா மாருதிப் பந்தயக் காரைக் கட்டியதும் மாருதி 800 என்ஜினை நம்பித்தான். ஆனால் அதன் திறன் கிட்டத்தட்டப் பழைய ஹெரால்டு அளவே இருப்பதால், இத்தனை உழைப்புக்கு அது ஈடாகாது.

மெக்கானிக் சொல்லும் வழியில் வியப்பு எதுவும் இல்லை. ஹெரால்டின் 948 சி.சி. என்ஜினே குடைந்து குடைந்து 1147 ஆகவும், 1296 ஆகவும் வளர்ந்தது. மூன்றிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், அதே 76 மி.மீ. முதல் ஸ்பிட்ஃபயரில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரோடு 1147 சி.சி. தந்தது 63 குதிரைத் திறன். 1967இல் 1296 சி.சி. தந்தது 75. பழைய திறனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எடையோ ஏறத்தாழ அதேதான். 1493 சி.சி. வரை போக வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்ட்ரோக்கை 87.5 மி.மீ. ஆக நீட்டியும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளை மூன்றாகவே விட்டதால், வேகமாகச் சுழற்றினால் அந்த என்ஜினின் கீழ்ப்பகுதி தாங்காது. "அண்ணா, ஓட்டறதுக்கு வேணுமா, காட்டறதுக்கு வேணுமான்னு மொதல்ல சொல்லிருங்க" என்று மெக்கானிக் ஒருநாள் கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் தேநீர் வாங்கப் போனார்.

சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டி விலகக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திய வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். மின்மோட்டாருக்கு மாறுவோருக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் வழி இருக்கிறது. பேட்டரியின் எடையை எண்ணி அதை நாங்கள் பேசவே இல்லை. 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவோ, அடிச்சட்டத்திலும் உடலிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாதவற்றுக்கே கிடைக்கும். ஆக, எங்கள் பகுதியின் கே.எல். 70 பதிவுப் பலகையோடு ரோட்டரியோ வி8ஓ கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஓட முடியாது. எல்லை தாண்டிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டலாம். பந்தயத் தடத்துக்கென்றே ஒரு வண்டி கட்டுவதானால் நானும் ரோட்டரிக்கே வாக்களிப்பேன். சொந்தக் குடும்பத்து என்ஜினை வைப்பதற்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும் என்றாலும், கேட்டுப் பார்க்கக்கூடிய கோரிக்கையாவது அது ஒன்றுதான்.

அண்ணன் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. ஆனால் சென்ற வாரம் மெக்கானிக் யாரையும் கேட்காமல் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார். 1970இல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பில் வந்ததைப் போல, கீழ்த் தகடு மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுகி, மற்றவை நடுவில் ஊசலாடும்படி செய்ய ஒரு பெட்டியைக் கோவை லேத்தில் கடையக் கொடுத்திருக்கிறார். எந்த என்ஜின் வந்தாலும் அந்த வேலை வீண் போகாது என்பதால், அண்ணனும் பணம் கொடுத்துவிட்டார்.