ஏலக்காய் மூட்டைக்கு சீட் பெல்ட்

போன மாதம் எங்கள் மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) ரினியூவல் வந்தது. 2005 நவம்பரில் அப்பா எடுத்த வண்டி. 15 வருஷம் முடிந்து 2020ல் முதல் தடவை புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். இந்தத் தடவை 10,000. 20 வயதைத் தாண்டிய காருக்கு அவ்வளவு என்று 2025 ஆகஸ்டில் மாற்றிவிட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்து டீ சொல்லும்போது கம்பத்திலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் போன்.

"மச்சான், செப்டம்பர்ல வரி இறங்குனதுல மாருதியோட புது ஜீப் ஜிம்னி விலையும் இறங்கியிருக்கு. எடுக்கலாமா? ரெண்டையும் வச்சிருக்கிற ஆளு நீங்கதான். ஒரே வார்த்தைல சொல்லுங்க."

ஒரே வார்த்தை வாயில் வரவில்லை. "எழுதி அனுப்புறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டேன்.

இன்ஜின், கியர், விலை விவரமெல்லாம் அவருக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். என்னுடைய ஜிப்ஸி 1.3 லிட்டர், 80 குதிரை, துணிக்கூரை போட்ட சாஃப்ட் டாப். ஜிம்னி 1.5 லிட்டர், மேனுவல். விலையை இறக்கி விற்ற 2023 டிசம்பரில் எடுத்தேன், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டும் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டித் தோட்டம் வரை போய்வருகிற வண்டிகள். மலையில் 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கப்புறமும் நல்ல ரோடுதான். கடைசி நாலு கிலோமீட்டரை நாங்கள் பாதை என்கிறோம். புதிதாக வருபவர்கள் ஓடை என்று நினைக்கிறார்கள்.

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதை நிதானமாக எழுத முடியாது.

உலர்ந்த ஏலக்காயை ஏலம் விடக் கீழே கொண்டுவரும் நாளில் பின்சீட்டை மடக்கி மூட்டைகளை அடுக்குவோம். எப்படி அடுக்கினாலும் ஒன்று மிஞ்சும். அது முன்சீட்டுக்கு வரும். ஜிப்ஸியில் 20 வருஷமாக அப்படித்தான் வருகிறது. ஜிம்னியில் அதே மூட்டையை வைத்தால் வண்டி அதை ஆள் என்று நினைத்துக்கொள்கிறது. தோட்டத்துக்குள் ஊர்ந்து போகிறவரை டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மட்டும். பூப்பாறை ரோட்டில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்ததும் தொடங்கும். டிங், டிங், டிங். ஒன்றரை நிமிஷம் போலக் கத்திவிட்டு ஓயும். அப்பாடா என்றிருக்கும்போது ஒரு வளைவில் மூட்டை புரண்டு உட்காரும். புதிதாக ஒருத்தர் ஏறிவிட்டதாகக் கணக்கு வைத்து மறுபடியும் முதலிலிருந்து.

கடைசியில் மூட்டைக்கு பெல்ட் மாட்டினேன். மெட்டில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, மூட்டைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா?" என்றார். இன்றுவரை அந்தக் கடையில் நான் மூட்டை முதலாளிதான்.

நாய்க்கு என்ன செய்வது? தோட்டத்து நாய் கறுப்பன் இருபது கிலோ இருப்பான். ஜிப்ஸியின் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வருவான். ஜிம்னியில் இரண்டே தடவைதான் ஏறினான். டிங் என்றதும் காதை மடக்கி, டேஷ்போர்டைப் பார்த்து உறுமினான். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது வாலைக்கூட ஆட்டவில்லை.

ரிவர்ஸ் சென்சார் இன்னொரு கூத்து. தோட்டத்தில் வண்டி திருப்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஏலத்தட்டை. பின்னால் நகர்ந்ததும் தோகை பம்பரில் உரசும். ஒரு இலைக்கு அந்த வண்டி போடும் கூச்சல், பின்னால் மதிற்சுவரே இடிந்து விழுகிற மாதிரி இருக்கும். தேனி தாண்டி மதுரை ரோட்டில் 80ஐத் தொட்டால் அதற்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜிப்ஸிக்கு 80ல் அலாரம் தேவைப்பட்டதே இல்லை. ஸ்டியரிங், கதவு, டாப் எல்லாம் ஒன்றாக நடுங்கும். வண்டியே அலாரம்.

நியாயமாகச் சொன்னால் இது ஜிம்னி மேல் போடவேண்டிய பழி இல்லை. பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின் சென்சார் மூன்றும் 2019 ஜூலை 1 முதல் நாட்டில் விற்கும் எல்லாக் காருக்கும் கட்டாயம். ஏர்பேக், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். விதிகளோடு ஒத்துப்போக முடியாமல் ஜிப்ஸி பொதுச் சந்தையிலிருந்து விடைபெற்றதும் அதே 2019தான். ஜிப்ஸி விடைபெற்ற வருஷமும் இந்த டிங் வந்த வருஷமும் ஒன்று. சகுனம் மாதிரி தோன்றுகிறது எனக்கு.

ஒரு தப்பும் செய்தேன். அந்தச் சத்தத்தை வாய் மூட வைக்க ஒரு கிளிப் விற்பார்கள், பெல்ட் கொக்கியில் சொருகிவிட்டால் வண்டி ஏமாந்துவிடும். அதை இணையத்தில் விற்கக் கூடாது என்று 2023ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய தளங்களுக்கு உத்தரவு போட்டு, 13,000க்கும் மேற்பட்ட விளம்பரங்களை எடுக்க வைத்தது. ரோட்டோரக் கடையில் எனக்கு எழுபது ரூபாய்க்குக் கிடைத்தது. மூன்று வாரம் சொர்க்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூட வந்தாள். கிளிப் சொருகியிருந்ததால் அவளுக்கு பெல்ட் நினைவில்லை, எனக்கும் இல்லை. எட்டாவது வளைவில் ஒரு லாரி ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். அவள் இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டாள். மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. கிளிப்பை அங்கேயே கழற்றிப் பள்ளத்தில் எறிந்தேன். மறுநாள் மூட்டையோடு இறங்கும்போது டிங் டிங் கேட்டதும், எறிந்த இடத்தில் போய்த் தேடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பொய் சொல்ல விரும்பவில்லை.

சரி, சத்தத்தை விடுவோம். ஏன் இன்னும் அந்த வண்டியை வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

எங்கள் பாதையில் ஒரு இடம் உண்டு. வலது முன்சக்கரம் பாறையில் ஏறும்போது வலது பின்சக்கரம் குழியில் இறங்கும். அப்படி இறங்கினால் இடது முன்னும் வலது பின்னும், மூலைக்கு மூலை, அந்தரத்தில் நிற்கும். ஜிப்ஸியில் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகிற ஃபோர் வீல் போட்டிருந்தாலும் அங்கே பிரயோஜனமில்லை. இடது, வலது சக்கரங்களுக்குச் சுற்றைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் எப்போதும் சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சுற்றைக் கொடுக்கும். காற்றில் தொங்குவது விர்ரென்று சுற்றும், மண்ணில் இருப்பது சும்மா நிற்கும். கங்காணி இறங்கிக் கல் தேடுவார். குழியில் கல் போட்டு, வண்டியைப் பின்னே எடுத்து, ஒரே மூச்சில் அடித்து ஏற்ற வேண்டும். ஏறினால் கைதட்டு, ஏறாவிட்டால் மறுபடி கல்.

ஜிம்னியை முதல் தடவை அங்கே கொண்டுபோனபோது வழக்கம்போல அடித்து ஏற்றப் பார்த்தேன். மகன் தடுத்தான். "லோ கியர்ல போட்டு சும்மா மிதிங்கப்பா." மிதித்தேன். தொங்கிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. உடனே அடியிலிருந்து கர்ர், டக், டக். சுற்றுகிற சக்கரத்தை மட்டும் வண்டியே பிரேக் போட்டுப் பிடிக்கிறது. அதனால் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குச் சக்தி திரும்புகிறது. கிழவி படி ஏறுகிற மாதிரி மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் ஏறி நின்றது. கங்காணி கையில் கல்லோடு நின்றார். "அப்ப இனிமே எனக்கு வேலை இல்லையா?" என்றார். அந்த டக் டக்கையும் இந்த டிங் டிங்கையும் ஒரே கம்பெனிதான் வைத்திருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை.

ஜூலை மழையில் இன்னொரு சுகம். ஜிப்ஸியில் ஃபோர் வீல் போட இறங்கியாக வேண்டும், முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டையும் கையால் திருப்பிப் பூட்டும் ரகம் மாட்டியிருக்கிறோம். சேற்றில் குந்தி உட்கார்ந்து திருப்பி எழுந்திருப்பதற்குள் காலில் நாலு அட்டை. மூடுபனியில் கண்ணாடி உள்ளே ஆவி பிடித்து வெளுத்துவிடும். அப்பா எப்போதும் டேஷ்போர்டில் ஒரு புகையிலைத் துண்டு வைத்திருப்பார். கண்ணாடியில் தேய்த்தால் மழைத்தண்ணீர் ஒட்டாமல் வழியும். அதையே காலில் தேய்த்தால் அட்டை விழும். ஜிம்னியில் உட்கார்ந்த இடத்திலேயே லீவரை இழுத்தால் போதும். ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்பினால் பத்து நொடியில் தெளிவு. புகையிலைத் துண்டுக்கு அந்த டேஷ்போர்டில் வேலையும் இல்லை, இடமும் இல்லை.

பெட்ரோல் கணக்கு: மலையில் ஜிப்ஸி எனக்கு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுக்கிறது, ஜிம்னி 12க்குக் குறைந்ததில்லை. பவர் ஸ்டியரிங் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 17 வளைவையும் ஜிப்ஸியில் திருப்பிவிட்டு வந்த அன்று சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கத் தோள் வராது.

ஜிம்னி தோற்கிற இடம் அகலம். ஜிப்ஸி 1540 மில்லிமீட்டர், ஜிம்னி 1645. காகிதத்தில் நாலு அங்குலம், தோட்டத்தில் அது ஒரு பலாமரம். அந்த மரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஜிப்ஸி கண்ணை மூடிக்கொண்டு போகும். ஜிம்னியில் கண்ணாடியை மடக்கி, மூச்சைப் பிடித்துப் போவேன். இடது கதவில் ஒரு கோடு இருக்கிறது, மரத்திலும் இருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் 215 மில்லிமீட்டர் கூடுதல் என்பதால் கூரான மேட்டில் வயிறு தட்டும். எடை கிட்டத்தட்ட 200 கிலோ அதிகம். நாலு பேருக்குத்தான் இடம். ஜிப்ஸியில் பின்னால் எதிரெதிர் பெஞ்சு, மழை பிடித்துக்கொண்டால் களை வெட்ட வந்தவர்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

ஜிப்ஸியின் பட்டை ஸ்பிரிங் விஷயத்தில் நான் கட்சி மாறுகிறவன். காலி ஜிப்ஸி குதிரைக்குட்டி, ஒரு சின்னக் கல்லுக்கும் முதுகெலும்பை எண்ணிக் காட்டும். அதே வண்டியில் முந்நூறு கிலோ ஏற்றினால் பரம சாது. ஜிம்னியின் காயில் ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது மெத்தை. மூட்டை ஏறினால் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கு மரக்கிளையைப் பார்க்கும்.

ரிப்பேர் என்று வந்தால் மெக்கானிக் பாயின் தீர்ப்பையே சொல்லிவிடுகிறேன். ஜிப்ஸியை இருட்டிலேயே பிரித்து மாட்டுவார். ஜிம்னியின் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார், தூசி கூடத் துடைக்கவில்லை, மூடினார். "இது படிச்ச வண்டி முதலாளி. நம்மகிட்ட பேசாது."

ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். ஹரியானாவில் கட்டுகிற இந்த ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரியில் நோமேட் என்ற பெயரில் ஜப்பானில் அறிமுகம் செய்தார்கள். நாலைந்து நாளில் 50,000 பேர் புக் செய்து, கம்பெனி புக்கிங்கையே நிறுத்தவேண்டியதாயிற்று. அந்தச் செய்தி வந்த வாரம் போடியில் ஒருத்தர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பொம்மை கார் மாதிரி அழகா இருக்குண்ணே, என்ன வண்டி இது?" என்று கேட்டார்.

மாப்ள, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மார்க் போட்டால் ஜிம்னிதான். பாதுகாப்பில் பேச்சே இல்லை, ஆறு ஏர்பேக் எங்கே, ஒன்றுகூட இல்லாத ஜிப்ஸி எங்கே. தங்கச்சியும் பிள்ளைகளும் ஏறுகிற வண்டி, ஜிம்னியையே எடுங்கள். ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு, நல்ல மழையில், பன்னிரண்டு கிலோ மூட்டை ஒன்று பெல்ட்டிலிருந்து நழுவி, மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை எனக்கு டிங் டிங் பாடிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜிப்ஸி சாவியைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டினேன். காலையில் அதில்தான் போகிறேன், கறுப்பனும் வருகிறான்.

அதனால் புதுசு எதற்கு மாப்ள? என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓனர், 31,000 கிலோமீட்டர், இடது கதவில் ஒரு கோடு. டயர் பாதி இருக்கிறது. அலாரம் மட்டும் புத்தம் புது கண்டிஷன்.