தம்பி பெயரில் ஒரு பாதுகாவலர் கணக்கு: 5க்கு 3 நட்சத்திரம்

என் தம்பிக்கு 46 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். பத்து ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் எந்தப் பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் புதுசு என்பது அத்துப்படி. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மாவும் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அவன் பெயருக்கு வந்தது. அதை வாங்கிச் செலவு செய்யத்தான் ஒரு பொதுத்துறை வங்கியில் இந்தக் கணக்கு.

இதற்கு முதலில் பாதுகாவலர் சான்று வேண்டும். பிள்ளைக்கு 18 வயது தாண்டிவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வக்கீல் தேவைப்படவில்லை. இந்தப் பகுதிக்கு என்னிடம் குறையே இல்லை.

குறையெல்லாம் வங்கிக் கிளையில்தான். "அவரே வந்து கையெழுத்துப் போடட்டும்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். கையெழுத்துப் போடத் தெரிந்தால் நான் ஏன் சார் சான்றோடு வருகிறேன்? அப்புறம் கொடுத்தது மைனர் கணக்குப் படிவம். அதில் 'மைனர்' என்பதை அடித்துத் திருத்தினோம். கம்ப்யூட்டரோ அவன் பிறந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு எதற்குப் பாதுகாவலர் என்று மறுத்தது. உள்ளூர்க் குழுவின் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே இருக்கிறது. அதன் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். மேனேஜர் அதைப் படித்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

தொடங்கிய பிறகு கணக்கு நன்றாகவே ஓடுகிறது. பென்ஷன் நேராக வந்துவிடும், பாஸ்புக்கில் அவன் பெயரும் கீழே என் பெயரும். வலிப்பு மாத்திரை, பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண்ணின் சம்பளம், டயப்பர் எல்லாம் இதிலிருந்தே போகின்றன. என் சொந்தக் கணக்கு வழியாக ஒரு ரூபாய்கூடப் போகவிடுவதில்லை. காரணம் சட்டம் மட்டுமல்ல, சொந்தக்காரர்களும்தான்! "பென்ஷன் எவ்வளவு வருது?" என்று விசேஷ வீட்டில் விசாரிக்கும் பெரியப்பாவுக்கு பாஸ்புக்கைவிடச் சிறந்த பதில் கிடையாது.

நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் கடைசிக்குள், வரவு செலவுக் கணக்கு. முடிவெட்டுபவரும் இளநீர்க்காரரும் பில் தரமாட்டார்கள். அவற்றுக்கு ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வைத்து அன்றன்றே எழுதுகிறேன். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. கோமாவில் இருக்கும் கணவரின் கணக்கை இயக்க நினைக்கும் மனைவிக்கு இந்தக் குழு உதவாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும்.

ஒரு நட்சத்திரம் தொடங்கும்போது பட்ட பாட்டுக்காகப் போனது. இன்னொன்று ஏடிஎம் கார்டு இல்லாததால். கேட்டால் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்கிறார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.