மட்டக்களப்பில் அணிகளுக்கான மனப்பயிற்சி: காசு கட்டலாமா?

தோற்றுக்கொண்டே இருக்கிற ஓர் அணிக்கு மனப்பயிற்சி கொடுப்பது வீண் செலவா என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். வீண் இல்லை, தாராளமாகக் கட்டலாம். ஆனால் எந்தப் பகுதிக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டினால் நல்லது.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி இந்தப் பருவத்தில் பட்ட பாடு ஊருக்கே தெரியும். மூன்றாவது கால்பகுதி வரைக்கும் புள்ளிக்குப் புள்ளி ஓடுவார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாம் கைவிட்டுப் போய்விடும். பயிற்சியில் பேசிச் சிரித்துக்கொண்டே ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற எறி) போடுகிற பொடியன், மெட்ச்சில் கோட்டில் வந்து நின்றதும் வளையத்தின் முன்விளிம்பில் அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவான். இதில் எங்கள் ஊருக்கும் பங்கு இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள் வளர்த்துவிட்ட விளையாட்டு இது. மைதானத்துக்கே வெபர் அடிகளாரின் பெயர், புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பழக்கிய யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட்டில் காணாமல் போனதை இன்றைக்கும் கவலையோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெருமை முழுவதையும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டு, கேலரியில் இருந்து கத்துகிறோம்.

பயிற்சி தந்தவர் ஓர் உளவளத்துணையாளர், முன்பு தானும் விளையாடியவர். தலைக்கு இவ்வளவு என்று இல்லை, அணிக்கு மொத்தமாகத்தான் கட்டணம். பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுத்தோம். முதல் நாள் காலை மண்டபத்தில் நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. புரொஜெக்டரில் படம், நம்பிக்கை வேண்டும், கவனம் வேண்டும் என்ற பேச்சு. கவனம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் தெரியாது.

பின்னேரம் மைதானத்துக்கு இறங்கிய பிறகுதான் அவருடைய திறமை தெரிந்தது. ஒருவனைக் கோட்டில் நிறுத்தி, "இப்ப மனசுக்குள்ள என்ன ஓடுது மனே?" என்று கேட்டார். முழங்கை நேராக இருக்கணும், மணிக்கட்டு மடங்கணும், போகாட்டி கோச் சேர் என்ன சொல்லுவார் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். கை தானாகச் செய்து பழகிய வேலையை மனம் போய் மேற்பார்வை செய்யத் தொடங்கினால் கை தடுமாறும் என்று விளக்கினார். பந்து கையில் கிடைத்தால் எறிவதற்கு இருப்பது 5 விநாடி. அந்த 5 விநாடிக்கும் மனதுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துவிட வேண்டும்: பந்தை இரண்டு தரம் தட்டு, மூச்சை நீளமாக வெளியே விடு, வளையத்தில் ஓர் இடத்தைப் பார், கண்ணை எடுக்காமல் எறி. கனடாவில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1996இல் ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தபோது, நன்றாகப் போடுகிறவர்களின் பார்வை கடைசி நேரத்தில் ஒரே இடத்தில் கூடுதல் நேரம் நின்றதைக் கண்டிருக்கிறார். அதைத்தான் இவர் எளிமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் கச்சான் காற்றில் எல்லாரையும் ஓடவிட்டு, மூச்சு வாங்க வாங்க ஆளுக்கு ஒரே ஓர் எறி. மற்றவர்கள் சுற்றி நின்று கூச்சல் போட வேண்டும். தவறினால் திட்டு இல்லை, பக்கத்தில் நிற்கிறவன் போய்க் கையைத் தொட்டுவிட்டு வர வேண்டும். தவறவிட்டவன் தனித்து நிற்கிற அந்தச் சில விநாடிதான் அடுத்த தவறையும் கூட்டிக்கொண்டு வருகிறது என்பது அவர் கணக்கு. மிகச் சரியான கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

ஆட்டத்தை நிறுத்தி கோச் பிள்ளைகளோடு பேசுகிற டைம் அவுட்டையும் விட்டுவைக்கவில்லை. இருப்பது 60 விநாடி, எங்கள் கோச் அதில் ஒன்பது விசயம் சொல்லப் பார்ப்பவர். "சேர், முதல்ல தண்ணி குடிக்க விடுங்க, பிறகு ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்க" என்று பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொன்னார். கோச்சும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த மெட்ச்சிலும் தோற்றோம். உயரமும் வேகமும் இரண்டு நாளில் வராது. ஆனால் கடைசி நிமிடங்களில் பந்தைக் கொடுத்தால் ஒளிந்துகொள்கிற பிள்ளைகள் கையை நீட்டிப் பந்து கேட்டார்கள், தவறவிட்டவனும் திரும்பி ஓடிப் போய்த் தடுத்தான். இதைப் பார்க்கத்தான் நான் காசு கொடுத்தேன்.

குறை என்றால், தொடர்ந்து வந்து பார்க்கிற ஏற்பாடு இல்லை, விட்டால் பழைய பழக்கம் வந்துவிடும். பெற்றோருக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கலாம், வீட்டில் கிடைக்கிற அழுத்தம் மைதானத்தை விடக் கூட. நித்திரை, சாப்பாடு எல்லாம் குழம்பிப் போன பிள்ளைக்கு இந்தப் பயிற்சி போதாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

உங்கள் அணிக்கு இப்படி யாரையாவது கூப்பிட்டால் மண்டபப் பேச்சைக் குறைத்து மைதானத்தில் நேரத்தைக் கூட்டித் தரச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். போட்டிகள் தொடங்குவதற்கு முந்திய மாதத்தில் வைத்தால் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும், எங்களைப் போலப் பருவத்தின் நடுவில் அவசரப்பட வேண்டி வராது.