நீக்கும் செயற்கூற்றுக்கு ஒரு வரி விளக்கமா, விளைவுகளைச் சொல்லும் விளக்கமா?

பயனருக்காகக் கருவிகளைத் தாமே இயக்கும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் கையாளும் பணி மேலாண்மைக் கருவியில், நீக்கும் செயற்கூற்றை (ஃபங்ஷன்) இரண்டு விதமாக ஆவணப்படுத்தலாம். "கொடுக்கப்பட்ட எண்ணுள்ள பணியை நீக்கும்" என ஒரே வரியில் முடிப்பது முதல் வழி. அதில் டோக்கன்கள், அதாவது மாதிரி படிக்கும் சொல்துண்டுகள், மிச்சமாகும். கருவிகள் பல இருக்குமிடத்தில் அது சிறிய லாபமன்று.

இரண்டாவது வழி, நீக்கியபின் நடப்பதையும் எழுதுவது: "பணியை நிரந்தரமாக நீக்கும்; துணைப்பணிகளும் சேர்ந்தே போகும்; மீட்க இயலாது. வேலை முடிந்துவிட்டதென்றால் இதை அழைக்காமல், நிலையை 'முடிந்தது' என மாற்றவும்." இக்கடைசி வாக்கியத்தையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "அந்த வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு" என்று பயனர் சொல்லும்போது, நீக்குவதா, முடிப்பதா என்ற ஐயத்தைத் தீர்க்க முகவரிடம் இருப்பது பெரும்பாலும் இந்த விளக்கம் மட்டுமே.

மறுமுயற்சியிலும் வேறுபாடு தெரியும். இணையவழித் தகவல் பரிமாற்றத்துக்கான எச்டிடிபி தரத்தின்படி, டெலீட் (நீக்கும்) கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் சர்வரில் நோக்கப்படும் விளைவு ஒன்றே. ஆனால் முதல்முறை 204 (வெற்றி) என்றும் மறுமுறை 404 (காணப்படவில்லை) என்றும் பதில் வரலாம். இணைப்பு அறுந்து மீண்டும் அழைத்த முகவர், 404-ஐத் தோல்வியெனக் கருதி வேறொரு பணியைத் தேடிப்பிடித்து நீக்கக்கூடும். "மறுமுயற்சியில் 404 வந்தால் பணி ஏற்கெனவே நீங்கியதெனக் கொள்ளவும்" என்று எழுதியிருந்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும்.

முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில், ஒரு கருவியின் அழிக்கும் தன்மையைச் சுட்டத் தனிப் புலம் உண்டு. எனினும் அது குறிப்பு மட்டுமே, காவலன்று. எதையும் அழிக்காத, பணிகளைப் பட்டியலிடும் செயற்கூற்றுக்கு ஒரு வரி போதும். ஆனால் நீக்குவதற்கு இரண்டாவது வழியையே தேர்வேன்.