டபுள் மார்க்கரில் ‘ஹை ரிஸ்க்’ வந்ததா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க

எங்கள் ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு லேப் செய்த கூத்து இது. மூன்றாம் மாதத்தில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள்.

குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் முடித்த மறுநாள் டபுள் மார்க்கருக்கு ரத்தம் கொடுத்தேன். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் ரத்த டெஸ்ட் அது. ரிப்போர்ட் கைக்கு வரும் முன்பே கலெக்‌ஷன் சென்டர் பையன் போன் செய்தான். “அக்கா, டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க்னு வந்திருக்கு. என்.ஐ.பி.டி. பண்ணிடுங்க, இந்த வாரம் ஆஃபர்ல போகுது.” என்.ஐ.பி.டி. என்பது அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட். வயிறு கலங்கி நிற்பவளிடம் ஆஃபர்!

ரிப்போர்ட்டில் 1:90, அதாவது இப்படிப்பட்ட 90 பேரில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று சிவப்பில் இருந்தது. அதற்கு மேலே இருந்த விவரங்களைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரிந்தது. எடை 55 கிலோவாம். நான் 71, அங்கே யாரும் என்னை எடை மெஷினில் ஏற்றவே இல்லை. என்.டி. அளவுக்கான கட்டம் காலி, ஸ்கேன் ஜெராக்ஸை ஃபார்மோடு பின் அடித்தே கொடுத்திருந்தேன். கர்ப்ப காலம் 13 வாரம் 3 நாள் என்று கடைசி பீரியட்ஸ் தேதியை வைத்துப் போட்டிருந்தார்கள். எனக்கோ பீரியட்ஸ் ஒழுங்காக வராது. ஸ்கேனில் குழந்தையின் நீளம் 52 மி.மீ., அதாவது 12 வாரம்கூட முடியவில்லை.

இந்த வித்தியாசம் லேசுப்பட்டதல்ல. டபுள் மார்க்கரில் அளப்பது பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்று ரத்தத்தில் இருக்கும் இரண்டு கர்ப்பகாலப் பொருட்களை. அந்தச் சமயத்தில் பாப்-ஏ வாரத்துக்கு வாரம் ஏறும், பீட்டா எச்.சி.ஜி. இறங்கும். வாரத்தைக் கூட்டிப் போட்டால் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் தெரியும். டவுன் சிண்ட்ரோமில் வருவதும் இதே மாதிரிதான்.

மதுரையில் ஒரு ஃபீட்டல் மெடிசின் (கருவில் இருக்கும் குழந்தைக்கான மருத்துவம்) டாக்டர் அதே ரத்த அளவுகளோடு என்.டி., சரியான எடை, ஸ்கேன் வாரம் எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்தார். 1:2400. “என்.ஐ.பி.டி.யும் வாய்ப்பை மட்டும் சொல்ற ஸ்க்ரீனிங்தாம்மா. அதுல ஹை ரிஸ்க் வந்தாலும் ஆம்னியோ (பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பது) மாதிரி டெஸ்ட் பண்ணித்தான் உறுதி சொல்ல முடியும்” என்றார். ஸ்க்ரீனிங்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரித்திருக்கிறது. ஆஃபர் பையன் இதையெல்லாம் சொல்வானா?

லேப் மேனேஜரிடம் போனால், “பேஷண்ட் கொடுத்த டீடெயில்ஸ்தான் மேடம்” என்கிறார். ஃபார்மைக் காட்டச் சொன்னேன். எடை மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது. அப்புறம் புது ரிப்போர்ட் மெயிலில் வந்தது. அதே எண், அதே தேதி, திருத்தியது என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் ஆப்பில் பழையதைக் காணோம். அதன் பி.டி.எஃப். என் மொபைலில் இருப்பதைக் காட்டிய பிறகுதான் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி வாயே திறந்தார்கள்.