நின்று நின்று ஓடிய கணினி: செந்தூல் வீட்டு அனுபவம்

2020 நடுவில் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பிளாட்டுக்கு இந்தக் கணினி வந்தது. அந்த வருடம் மார்ச் 18-இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து மகளுக்கு இணைய வகுப்பு, எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. வீட்டிலிருந்த ஒரே மடிக்கணினிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டோம். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய் ரைசன் 5 3600 பிராசசர், மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (நினைவகக் குச்சி) இரண்டு, நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எல்லாம் புதிதாக வாங்கினேன். கேஸும் பவர் சப்ளையும் மட்டும் மச்சினன் வீட்டில் சும்மா கிடந்தவை. மிச்சப்பட்ட பணத்தில் மகளுக்கு நல்ல ஹெட்போன் வாங்க முடிந்தது.

இன்றும் அதே கணினிதான் ஓடுகிறது. ஆனால் நடுவில் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. சில நேரம் உறையும், சில நேரம் விண்டோஸ் செயலிழந்து பிழைப் பெயரோடு நீலத்திரை காட்டும், சில நேரம் ஒன்றுமே சொல்லாமல் அணைந்து தானே எழும். வீட்டுக்குப் பக்கத்தில் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனால் எதற்கும் ஒரே பதில்: "அண்ணே, ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்." ஒரு தடவை பண்ணியும் பார்த்தார். மூன்று வாரம் கழித்து அதே கதை. அவரைக் குறை சொல்லவில்லை. கடைக்கு வருகிற கணினிகளில் பாதி, கண்டதையும் இறக்கி வைத்ததால் திணறுபவை. அவற்றுக்கு ஃபார்மட் வேலை செய்யும். என்னுடையதற்கு வந்த கோளாறு எதுவும் அந்த வகை இல்லை.

எனக்கு வழி காட்டியது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும். நாள்வாரியாக ஒரு கோடு, எதாவது செத்த நாளில் சிவப்புக் குறி, அதே நாளில் என்ன மென்பொருள், எந்த டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஏறியது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். நீலத்திரையில் வரும் பெயரைவிட, கிராஷ் எப்போது வருகிறது, அந்த நேரம் கணினி என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் அதிகம் பேசும். இதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டி வைத்தோம். மகளும் எழுதினாள்.

முதல் கோளாறு அந்தத் தாளில்தான் பிடிபட்டது. வீடியோ ஏற்றுமதி மணிக்கணக்கில் ஓடினாலும் கணினி தடுமாறாது. யாரும் தொடாமல் விட்டால் உறைந்துவிடும். மவுஸ் நகராது, கீழே கடிகாரம் 2.10 என்று நின்றிருக்கும், நிஜ நேரம் மூன்றைத் தாண்டியிருக்கும். சூடு காரணமென்றால் வேலை செய்யும்போதுதானே வரவேண்டும்? விஷயம் இதுதான்: வேலை இல்லாதபோது புதிய பிராசசர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் மிகக் குறைந்த கரண்ட்டைத்தான் இழுக்கும். பழைய பவர் சப்ளைகள் சில அவ்வளவு குறைந்த இழுவையில் மின்னழுத்தத்தை நிதானமாகக் கொடுக்காது. அதற்கென்றே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே கிளம்பும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்று ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலும் 'ஏஎம்டி சிபிஎஸ்' பகுதிக்குள் இருக்கும். ஆட்டோவிலிருந்து 'டிப்பிக்கல் கரண்ட் ஐடில்' என்று மாற்றினேன். சும்மா இருக்கும்போது மின்சாரம் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். உறைவது நின்றது. செலவு ஒரு காசு இல்லை.

அடுத்தது ரேம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். பத்துமலைத் தைப்பூச வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஆசையில் இன்னும் இரண்டு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். வேறு பிராண்டு, ஆனால் பெட்டியில் அதே 3200 வேகம். அதன்பின் நீலத்திரை வர ஆரம்பித்தது. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு நாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா', அப்புறம் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர். திரும்பத் திரும்ப ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைப் பிடிக்கலாம். பெயர் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும். தவறான எண் நினைவகத்தில் எங்கே விழுகிறதோ, அந்த இடத்தில் இருந்தவன் தலையில் பழி விழும்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் 'பிழை எதுவும் இல்லை' என்றது. அதை நம்பி நின்றுவிடக் கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, இரவு முழுக்க விட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். சரி, எந்தக் குச்சி கெட்டது என்று பழைய ஜோடியை மட்டும் போட்டுச் சோதித்தால் சுத்தம். புதிய ஜோடியை மட்டும் போட்டாலும் சுத்தம். நான்கையும் சேர்த்தால் பிழை.

குச்சிகள் நல்லவைதான். 3200 என்ற வேகம் தானாக வருவதில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டால்தான் வரும். இந்தப் பிராசசர் இரண்டு குச்சிகளுக்கு 3200 வரை அதிகாரப்பூர்வமாகத் தாங்கும். நான்கு போட்டால் அந்த எல்லை 2933-க்கோ, குச்சியின் வகையைப் பொறுத்து 2667-க்கோ இறங்கிவிடும். ரேம் பெட்டியின் மேல் இது எழுதியிருக்காது. வேகத்தை 2666-க்கு இறக்கி மறுபடி இரவு முழுக்க ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. வேகக் குறைவு என் வேலையில் தெரியவே இல்லை. ஒரு எச்சரிக்கை: ரேம் பிழையோடு ஓடிய நாட்களில் சேமித்த கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். எனக்குச் சில ஜிப் கோப்புகள் திறக்கவே இல்லை. விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் சிதைந்திருக்கலாம் என்பதால் அவற்றைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையையும் ஓட்டினேன்.

கொஞ்ச காலம் அமைதி. அப்புறம் புதிதாக ஒன்று: நீலத்திரையே இல்லாமல், சுவிட்சைத் தட்டியதுபோல் அணைந்து மறுபடி எழுந்தது. விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக ஒரு பதிவு. இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். முறையாக மூடாமல் கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்துக்குள் போய் 'பக்செக் கோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், நீலத்திரை காட்டக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் கோளாறு, இல்லையென்றால் கணினி அடியோடு உறைந்திருக்கும்.

அதனால் சுவரிலிருந்து தொடங்கினேன். அந்த வாரம் முழுக்க வீட்டம்மா ஹாலில் மீன் கவிச்சி அடிக்கிறது என்று நெத்திலி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் கையை விட்டு எக்ஸ்டென்ஷனிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதும் வாசனையின் மூலம் தெரிந்தது. மூன்று முள்ளில் ஒன்று பழுப்பேறி, அதன் அடியில் பிளாஸ்டிக் லேசாகச் சுருங்கியிருந்தது. எக்ஸ்டென்ஷனின் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்து, பிளக் லொடலொடவென்று ஆடியது. தளர்ந்த இணைப்பு சூடாகி பிளாஸ்டிக் வேகும்போது அப்படித்தான் மீன் வாடை வரும். இந்த வாடை வந்தால் கணினியை மறந்துவிட்டு முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள புதிய எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். கிராஷ் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

மிச்சக் குற்றவாளி மச்சினனின் பவர் சப்ளை. டார்ச் அடித்து ஜாலி வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு கபாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் புடைத்து நின்றது. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கிப்போடும் மின்சாரம் தேங்கி நிற்கும். வேலையிடத்து நண்பர் ஒருவரின் பவர் சப்ளையைக் கடன் வாங்கி ஒரு வாரம் ஓட்டினேன், ஒரு தடவைகூட அணையவில்லை. அதன் பிறகே புதியது வாங்கினேன்: 550 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று. சந்தேகப்படும் பாகத்தைக் கடன் வாங்கி மாற்றிப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. பவர் சப்ளை மாற்றும்போது பழைய கேபிள்களை புதியதில் செருகாதீர்கள். முனை பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும், எஸ்எஸ்டி கருகிவிடலாம்.

சூட்டைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். எங்கள் மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, விசிறியில் படிந்த தூசி ஊதினால் போகாத பசையாகிவிட்டது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் துடைக்க வேண்டியதாயிற்று. சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது பிராசசர் 95 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த அளவில் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கணினி மந்தமானதே தவிர கிராஷ் ஆகவில்லை. மேசையை நகர்த்தலாமா, மேடையை நகர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது, சாமி இடம் மாறாது என்று அம்மா முடித்துவிட்டார். மேசை ஜன்னல் பக்கம் போனது.

நடுவில் திரை இரண்டு நொடி கறுத்து மறுபடி வரும் வியாதியும் கொஞ்ச நாள் இருந்தது. அது கிராபிக்ஸ் டிரைவர். பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) கிளப்பி டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டதும் தீர்ந்தது. இடி மின்னல் நாட்களில் பிளக்கோடு இணையக் கேபிளையும் பிடுங்கிவிடுகிறேன். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் 11-க்கு மாறினேன். பிராசசர் அதன் பட்டியலில் இருக்கிறது, பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்கினால் போதும். அதற்கு முன் பயாஸையும் புதுப்பித்தேன். மறுநாளே கணினி சும்மா இருக்கும்போது உறைந்தது. புதுப்பிக்கும்போது நாம் மாற்றிய பயாஸ் அமைப்புகள் பெரும்பாலும் தொழிற்சாலை நிலைக்கே போய்விடும். முன்கூட்டியே கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்து ஐடில் கண்ட்ரோலையும் ரேம் வேகத்தையும் மறுபடி போட்டேன். பவர் சப்ளை புதிதான பிறகும் அந்த அமைப்பு வேண்டியிருந்தது எனக்கு ஆச்சரியம்தான்; அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போதைக்கு இருக்கும் குறை ஒன்று: ஸ்லீப்பிலிருந்து எழும்போது சில நாள் இரண்டாவது மானிட்டர் வருவதில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினால் வந்துவிடுகிறது. கேபிளா, மானிட்டரா என்று அடுத்த விடுமுறையில் பார்க்க வேண்டும்.