டியூஷன் பிள்ளைகளுக்குப் பாலா, சுண்டலா?

சென்னை வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் மாநகராட்சிப் பள்ளிதான். மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு. 2022-இல் தொடங்கிய திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. மதியத்துக்கு அப்புறம் அம்மா வேலைவிட்டு வந்து உலை வைக்கும்வரை வயிறு காலி. அந்த நேரத்துக்குத்தான் நாலு மாதம் பால் கொடுத்தோம். இப்போது சுண்டல்.

கால்சியத்தில் சுண்டல் பாலுக்குக் கிட்டவே வராது. புரதத்தில் 150 மில்லி பாலும் 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையும் ஏறக்குறைய ஒன்று, தலா 5 கிராம். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். முப்பது பேருக்கு ஒன்பது பாக்கெட், 180 ரூபாய். கடலை ஒரு கிலோகூட வேண்டாம். (சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டபோதே தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். இந்தக் கவலை பழசு.)

காசைக்கூடச் சமாளித்திருப்போம். டம்ளரைச் சமாளிக்க முடியவில்லை. கீழே கைபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தை மாடிக்குத் தூக்கி, முப்பது டம்ளரும் அடிப்பிடித்த குண்டானும் தேய்க்க வேண்டும். அவரவர் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னோம். மாறிப்போனது. "எங்க டம்ளர்ல பேர் வெட்டியிருக்கும்க்கா" என்று அம்மாக்கள் படியேறி வந்தார்கள். கடைசியில் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கழுவ உட்கார்ந்துவிட்டார்கள். பையன்கள் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே பாலை நிறுத்தினோம்.

பால் திரிந்த கதை தனி. ஃபிரிட்ஜ் பக்கத்து வீட்டு அக்காவுடையது, கரன்ட் யாருடையதும் இல்லை. கடலையை ராத்திரி ஊறப்போட்டால் மறுநாள் ஐந்து விசில், தாளிப்பு, முடிந்தது. மழை பெய்து பத்துப் பேர்தான் வந்தாலும், வேகவைக்காத கடலை முளைகட்டி மறுநாளைக்கு ஆகும். வாங்கிக்கொள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா கொண்டுவருகிறார்கள். அது மாறினால் யாரும் படியேறுவதில்லை.

ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் மெல்லாமல் விழுங்குகின்றன, அவர்களுக்கு வாழைப்பழம். சாயங்காலம் முட்டை தரலாமே என்கிறார்கள் சிலர். ஒரே வாரம்தான் கொடுத்துப் பார்த்தோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மட்டும் பால் உண்டு. அன்றைக்கு டம்ளர் கழுவுவது பையன்கள்.